நாள் தள்ளுவதற்கு முன்னே தெரியுமா?

மாதவிலக்கு வர இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது. மார்பு கனத்து வலிக்கிறது. அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிறது. மத்தியானமே கண் சொக்குகிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. இது மாதாமாதம் வரும் உபாதையா, கரு தங்கியதன் முதல் அடையாளமா? கல்யாணமான நாளிலிருந்து “ஏதாச்சும் விசேஷமுங்களா?” என்ற விசாரிப்புக்குப் பதில் சொல்லிச் சலித்தவர் இதை ஆசையோடு கேட்கிறார். இரண்டு பிள்ளை போதும் என்றிருப்பவர் கலக்கத்தோடு கேட்கிறார். கேள்வி ஒன்றுதான். அதற்குச் சொல்லப்பட்டு வந்த விடைகள் பல. அவற்றில் சில ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை.

துடியலூர் போன்ற ஊரில் அந்த விடைகள் எல்லாமே ஒரே நேரத்தில் புழங்குகின்றன. மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டி வளர்ந்த இவ்வூர் 2011இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. தோட்டத்து வீடுகள் மிச்சமிருக்கின்றன, மில்லுக்கும் பவுண்டரிக்கும் பம்ப் கம்பெனிக்கும் ஷிப்டு போகும் குடும்பங்கள் இருக்கின்றன, சரவணம்பட்டிக்கு ஐ.டி. வேலைக்குப் போய்வருபவர்களும் இருக்கிறார்கள். பாட்டியின் நாள் கணக்கு, வைத்தியரின் நாடி, மருந்துக்கடைக் கார்டு, நகரத்தின் குழந்தைப்பேறு சிகிச்சை மையம் என எதுவும் எட்டாத தூரத்தில் இல்லை. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லுபடியாகும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பழைய விடைகள்

கரு தங்கிய உடனேயே உடம்பு சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பழையது. சுசுருத சம்ஹிதையின் சாரீரப் பகுதி, அப்போதுதான் கருத்தரித்த பெண்ணுக்குக் களைப்பு, சோர்வு, தாகம், தொடை கனத்தல், பிறப்புறுப்பில் துடிப்பு ஆகியவை தோன்றும் என்கிறது. நாள் சென்றபின் தெரியும் அடையாளங்களை அது தனியாக வைக்கிறது: முலைக்காம்பைச் சுற்றிக் கறுத்தல், காரணமில்லாத வாந்தி, நல்ல வாசனைகூடப் பிடிக்காமல் போவது, வாயில் நீர் ஊறுவது. இரண்டாம் வரிசையில் உள்ளவை இன்றைய மகப்பேறு நூல்களிலும் ஏறத்தாழ அப்படியே இடம்பெறுகின்றன. முதல் வரிசையைத்தான் நம்ப முடியவில்லை. களைப்பும் சோர்வும் கால் கனப்பும் கருத்தரிக்காத மாதத்திலும் விலக்குக்கு முந்திய வாரத்தில் வருபவை. நூலாசிரியர் இரண்டு வரிசையாகப் பிரித்ததே ஒரு நுட்பமான கவனிப்பு என்று சொல்லலாம்.

கிரேக்கத்தில் ஹிப்பாக்ரட்டீசின் பெயரில் வழங்கும் தொகுப்பு, தூங்கப் போகும்போது பெண்ணுக்குத் தேனும் நீரும் கொடுக்கச் சொல்கிறது. வயிற்றைப் பிசைந்தால் கர்ப்பமாம். எகிப்தியர் கோதுமை, வாற்கோதுமை விதைகளைப் பெண்ணின் சிறுநீரால் நனைத்து முளைக்கிறதா என்று பார்த்தார்கள். 1963இல் இதைச் சோதித்துப் பார்த்த எகிப்திய ஆய்வாளர்கள், கர்ப்பிணிகளின் சிறுநீரில் சுமார் 70 சதவீதம் முளை விட்டதாகக் கண்டார்கள். முளைக்கும் விதையை வைத்து ஆணா பெண்ணா என்று சொன்னது மட்டும் பலிக்கவில்லை. சேதி சிறுநீரில் இருக்கிறது என்று ஊகித்தது பெரிய விஷயம்தான்.

நம் பக்கத்தில் நாடி பிடித்துச் சொல்லும் வைத்தியர்கள் இன்றும் உண்டு. கர்ப்பத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு முதல் மூன்று மாதங்களிலேயே கூடத் தொடங்குகிறது என்பதால் நாடியில் மாற்றமே இராது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டியது வேறு. கருத்தரித்த பெண்ணையும் கருத்தரிக்காத பெண்ணையும் கலந்து நிறுத்தி, முன்கூட்டி எதுவும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினால், நாள் தள்ளும் முன்பே வைத்தியர் பிரித்துச் சொல்வாரா? வைத்தியரிடம் வருபவர் பெரும்பாலும் நாள் தள்ளிய பிறகே வருகிறார். வாசலில் நுழையும்போதே பாதி விடை வந்துவிடுகிறது.

கொங்கு வீடுகளில் மூத்த பெண்களின் முறை இவை எல்லாவற்றையும்விட அடக்கமானது. அவர்கள் அறிகுறியை எண்ணுவதில்லை, நாளை எண்ணுகிறார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது, முழுகாமல் எத்தனை நாள், மசக்கை கண்டதா என்பதே விசாரணை. “நாப்பத்தஞ்சு நாள் ஆகட்டும், அப்புறம் டாக்டரம்மாகிட்டப் போலாம்” என்பது இன்றும் காதில் விழும் பேச்சு. நாள் தள்ளும் முன் தெரியும் என்று அவர்கள் உரிமை கொண்டாடவே இல்லை. இம்முறையின் பலவீனம் தாமதம். ஒழுங்கில்லாமல் விலக்காகிறவருக்கும், பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் விலக்கே திரும்பாதவருக்கும் இந்தக் கணக்கு உதவாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர்கள் கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் அடையாளங்களைச் சேர்த்தார்கள். மார்புக் காம்பைச் சுற்றிய சிறு முடிச்சுகளுக்கு மான்ட்கோமரியின் பெயரும், கருப்பை வாய் நீலம் பாய்வதற்குச் சாட்விக்கின் பெயரும் நிலைத்தன. இந்த அடையாளங்களைச் சந்தேகம் எழுப்புபவை, வாய்ப்பைக் கூட்டுபவை, உறுதி செய்பவை என்று மூன்றாகப் பிரிக்கும் பாடம் நம் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் நடக்கிறது. குமட்டல், மார்பு வலி, களைப்பு, நாள் தள்ளுவது எல்லாம் முதல் பிரிவில், அதாவது வெறும் சந்தேகம் எழுப்புபவையில்தான் இருக்கின்றன.

ஒரே ஹார்மோன்

அறிகுறிகள் ஏன் இவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் உடலியல் சொன்ன காரணம் எளிது. சினைமுட்டை வெளியேறியபின் அது இருந்த இடம் ஒரு தற்காலிகச் சுரப்பியாக மாறி புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. அந்த மாதம் கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் இது நடக்கும். மார்பைக் கனக்க வைப்பது, குடலின் அசைவைத் தளர்த்தி வயிற்றை உப்ப வைப்பது, மலச்சிக்கல் தருவது, உடல் வெப்பத்தை அரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றுவது, மூளையில் தன் வழிப்பொருள் ஒன்றின் மூலம் தூக்கத்தையும் மனநிலையையும் தொடுவது எல்லாம் இதே புரோஜெஸ்டிரோன்தான்.

கரு உண்டானால் புதிதாகச் சேர்வது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். கரு கருப்பைச் சுவரில் பதிந்த பிறகே அது தாயின் இரத்தத்துக்கு வரும். எப்போது பதிகிறது? அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ், டோனா பெயர்ட், கிளாரிஸ் வைன்பர்க் மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்றும் அடிப்படைச் சான்று. ஆறு வாரம் தாண்டி நிலைத்த கர்ப்பங்களில், முட்டை வெளியேறிய ஆறாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் பதிதல் நடந்தது. 84 சதவீதத்தில் எட்டு, ஒன்பது, பத்தாம் நாட்களில். முட்டை வெளியேறியதிலிருந்து விலக்குக்குச் சுமார் பதினான்கு நாள் என்று வைத்துக்கொண்டால், எச்.சி.ஜி. தலைகாட்டும்போது விலக்குக்கு நாலைந்து நாள்தான் மிச்சம். அப்போதும் அளவு மிகச் சொற்பம். ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டித்துத்தான் ஏறும்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. சேர்ந்த மூன்றாம் நாளே, ஐந்தாம் நாளே உடம்பு சொல்லிவிட்டது என்பவருடைய அறிகுறி பொய்யல்ல. ஆனால் அது எச்.சி.ஜி.யின் வேலையாக இருக்க வழியில்லை. கரு உண்டாகாத மாதத்திலும் அதே நாளில் அதே அறிகுறி வந்திருக்கக்கூடும். வேறுபாடு பின்னால்தான் தொடங்குகிறது. கரு இல்லையென்றால் தற்காலிகச் சுரப்பி வாடி, புரோஜெஸ்டிரோன் விழுந்து, விலக்கு வந்து உபாதையும் ஓரிரு நாளில் அடங்கும். கரு இருந்தால் எச்.சி.ஜி. அந்தச் சுரப்பியை வாடவிடாது. அறிகுறி நிற்காமல் தொடரும். ஆகவே இரண்டையும் பிரிப்பது அறிகுறியின் வகையைவிட அது நிற்கிறதா தொடர்கிறதா என்பதே. சேர்ந்த முதல் வாரத்தில் இந்தக் கேள்விக்கு விடை தேடுவது காலத்துக்கு முந்திய தேடல் என்பது என் மதிப்பீடு.

நாட்குறிப்பு சொன்னது

மேற்சொன்ன ஆய்வின் சிறப்பு அதன் முறை. வட கரோலினாவில் 1980களின் முற்பகுதியில் குழந்தைக்கு முயன்ற 221 பெண்கள் தினமும் காலைச் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்து, அன்றன்றைய நிலையைக் குறித்தும் வந்தார்கள். கர்ப்பம் என்று தெரிந்தபின் “ஆமாம், அப்பவே எனக்குத் தெரியும்” என்று பின்னோக்கிச் சொல்லும் பழக்கத்துக்கு இதில் இடமில்லை. நடந்தது நடந்த நாளில் எழுதப்பட்டுவிட்டது.

இதே குறிப்புகளை வைத்து 2002இல் வந்த கட்டுரை, குழந்தை பெற்ற 136 பேருக்கு அறிகுறிகள் எப்போது தொடங்கின என்று பார்த்தது. கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 36ஆம் நாளுக்குள் பாதிப்பேருக்கு. எட்டாம் வாரம் முடிவதற்குள் 89 சதவீதம் பேருக்கு. இருபத்தெட்டு நாள் சுழற்சி உள்ளவருக்கு 36ஆம் நாள் என்பது நாள் தள்ளி ஒரு வாரம். நம் பாட்டிகளின் நாற்பத்தைந்து நாள் கணக்கை இத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவர்கள் அதிகமாகத் தாமதிக்கச் சொன்னதாகவே தோன்றாது.

“பதியும்போது ஒரு சொட்டு படும், அதுதான் அடையாளம்” என்ற கூற்று இப்போது கைப்பேசி வழியே துடியலூர் வரை பரவியிருக்கிறது. இதையும் அதே குழு சோதித்தது. 2003இல் வெளியான அலசலில், 151 பெண்களில் 14 பேருக்கு, அதாவது 9 சதவீதத்தினருக்கு, முதல் எட்டு வாரத்தில் இரத்தம் பட்டது. பதிந்த நாளோடு அது பொருந்தவில்லை. பெரும்பாலும் விலக்கு வர வேண்டிய நாளை ஒட்டியே பட்டது. அந்தப் பதினாலு பேரில் 12 பேர் குழந்தை பெற்றார்கள். எண்ணிக்கை சிறியது என்பதால் பதிதல் இரத்தப்போக்கு என்ற ஒன்றே கிடையாது என்று தீர்ப்பளிக்க இது போதாது. ஆனால் நடைமுறையில் இதன் விளைவு பெரிது. விலக்கு நாளில் கொஞ்சமாகப் பட்டதை விலக்கு என்று எண்ணிக்கொள்பவர் ஒரு மாதம் பின்தங்கிக் கணக்குப் போடுகிறார். பிரசவத் தேதி தவறுகிறது. முதல் ஸ்கேனில்தான் கணக்கு நேராகிறது. வழக்கத்தைவிடக் குறைவாக, நிறம் மாறி, ஒரு நாளோடு நின்றுபோனால் அதை விலக்கு என்று முடிவு கட்டாமல் ஒரு கார்டு போட்டுப் பார்ப்பது நல்லது.

எதிர்த்தரப்பின் கதை

ஒப்பிடுவதற்கு இரண்டு தரப்பும் திட்டமாக வேண்டும். விலக்குக்கு முந்திய உபாதை என்ற தரப்பு அவ்வளவு திட்டமாக இல்லை என்பதே இங்கே சிக்கல். நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் 1931இல் இதை ஒரு மருத்துவப் பிரச்சினையாக எழுதினார். 1953இல் ரேமண்ட் கிரீனும் கேதரீனா டால்டனும் இன்று வழங்கும் பி.எம்.எஸ். என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. தலைவலி முதல் அழுகை வரை நூற்றுக்கும் மேற்பட்ட அறிகுறிகள் அதில் ஏறின. அவ்வளவு அகலமான பட்டியலுக்குள் கர்ப்பத்தின் எந்த ஆரம்ப அறிகுறியும் அடங்கிவிடும்.

1977இல் டயான் ரூபிள் பிரின்ஸ்டன் மாணவிகளிடம் நடத்திய சோதனை இன்னொரு கோணத்தைத் திறந்தது. சுழற்சியில் ஒரே கட்டத்தில் இருந்தவர்களில் சிலரிடம், கருவி கணித்தபடி விலக்கு ஓரிரு நாளில் வரும் என்றும், வேறு சிலரிடம் அது வரப் பல நாள் இருக்கிறது என்றும் சொல்லப்பட்டது. விலக்கு நெருங்கிவிட்டதாக நம்பியவர்களே வலி, நீர்கோத்தல் முதலியவற்றைக் கூடுதலாகச் சொன்னார்கள். எதிர்பார்ப்பு உடம்பைப் படிக்கும் விதத்தை மாற்றுகிறது. குழந்தைக்கு ஏங்குபவர் அதே மார்பு வலியை வேறுவிதமாகப் படிப்பார் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் ரூபிளின் சோதனை அதை நேரடியாகப் பார்க்கவில்லை. இதை வைத்து எல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அது பெருந்தவறு. கடுமையான வகை பி.எம்.டி.டி. என்ற பெயரில் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது. அதை உறுதி செய்யக் குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு அன்றாடக் குறிப்பு வேண்டும் என்பது நிபந்தனை. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பி.எம்.எஸ். உள்ளவர்கள் ஏறத்தாழ 43 சதவீதம் என்கிறது. ஆனால் அந்தத் தொகுப்புக்குள் ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை வெகுவாக வேறுபடுகிறது. எப்படிக் கேட்டோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்றே அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

பட்டியலில் எது நிற்கும்?

இதழ்களில் வரும் இரட்டைப் பத்திப் பட்டியல்கள், கர்ப்பத்தில் மார்பு வலி கூடுதல், விலக்கில் குறைவு என்ற பாணியில் எழுதப்படுகின்றன. கூடுதல், குறைவு என்பது யாரோடு ஒப்பிட்டு என்று அவை சொல்வதில்லை. மார்பு வலி, களைப்பு, மனக்குழப்பம், அடிவயிற்று வலி, முகப்பரு, இடுப்பு வலி எதுவும் நாள் தள்ளும் முன் பிரித்துக்காட்டாது.

கொஞ்சம் எடை உள்ளது குமட்டல். கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு அது வருகிறது. விலக்குக்கு முந்திய உபாதையில் அது முதன்மை அறிகுறி இல்லை. தாளிக்கும் வாசனை, காப்பி வாசனை குமட்டுவதும் இப்படியே. கருவின் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஜி.டி.எஃப்.15 என்ற புரதம் இதற்கு முக்கியக் காரணம் என்பதை 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு உறுதியாக்கியது. ஆனால் குமட்டல் பெரும்பாலும் ஆறாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. அதற்குள் நாள் தள்ளி இரண்டு வாரம் ஆகியிருக்கும். சரியாகச் சொல்கிறது, தாமதமாகச் சொல்கிறது.

காலையில் எழுமுன் உடல் வெப்பத்தை அளந்து எழுதிவருபவருக்கு ஒரு வழி உண்டு. ஏறிய வெப்பம் பதினெட்டு நாளுக்கு மேலும் இறங்காமல் நின்றால் கர்ப்பத்துக்கு வாய்ப்பு அதிகம். இரவு ஷிப்டு போகிறவருக்கு, காய்ச்சல் கண்டவருக்கு இந்த அளவு பயன்படாது.

இந்த மண்ணின் குழப்பங்கள்

காரமடைத் தேர், மருதமலைத் தைப்பூசம், பண்ணாரிக் குண்டம், வீட்டில் ஒரு கல்யாணம். அந்த நாளில் தூரமாகிவிடக்கூடாது என்று நாள் தள்ளிப்போடும் மாத்திரை வாங்குவது இங்கே சர்வசாதாரணம். அது நோரெதிஸ்டிரோன், செயற்கைப் புரோஜெஸ்டிரோன் வகை. விலக்குக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி தினம் மூன்று வேளை போட வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்கு வரும். போடும் நாளெல்லாம் மார்பு வலி, உப்புசம், சில சமயம் குமட்டல். கர்ப்பம் போன்ற உடம்பும், தள்ளிய நாளும் ஒருசேரக் கிடைக்கும்போது யாருக்குத்தான் குழப்பம் வராது? மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகியும் வரவில்லையென்றால் கார்டு போட வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தால் உபகாரம்.

வரவழைப்பது இதன் மறுபக்கம். எள்ளும் கருப்பட்டியும், பப்பாளியும் தின்று இரண்டு நாளில் வந்துவிட்டால் பெருமை எள்ளுக்குப் போகும். தாமதமான விலக்கு தானாகவே வரும் நாளும் அதுதான் என்பது கணக்கில் வராது. இதிலேனும் ஆபத்து குறைவு. மாத்திரை கொடுத்துக் கர்ப்பத்தைச் சோதித்த காலமும் இருந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அதிக அளவில் கலந்த இரண்டு மாத்திரை. போட்டபின் இரத்தம் பட்டால் கர்ப்பம் இல்லை, படாவிட்டால் கர்ப்பம். பிரிட்டனில் பிரிமோடோஸ் என்ற பெயரில் விற்றது. அங்கே 1967இல் குழந்தை மருத்துவர் இசபெல் கால் பிறவிக் குறைபாடுகளோடு தொடர்பு இருக்கலாம் என்று எச்சரித்தார்; 1978இல் விற்பனை நின்றது. இந்தியாவில் இ.பி. ஃபோர்ட்டே முதலிய பெயர்களில் அதன்பிறகும் கிடைத்தது. பெண்கள் அமைப்புகளும் மருத்துவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடி, நிறுவனங்களின் நீதிமன்றத் தடைகளைத் தாண்டி 1988இல்தான் தடை வந்தது. குறைபாட்டுக்கு அந்த மாத்திரைதான் காரணமா என்பதில் பிரிட்டனின் 2017 நிபுணர் குழுவும் 2020 மறுஆய்வும் ஒரே சுருதியில் பேசவில்லை. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை இருந்த காலத்தில் இந்த மாத்திரைக்குத் தேவையே இல்லை என்பதில் மட்டும் சர்ச்சை இல்லை.

மேற்கு மாவட்டங்களின் நெசவு, பின்னலாடைத் தொழிலுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. தமிழகத்து ஆடைத் தொழிற்சாலைகளில் விலக்கு வலிக்கென்று பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் தொழிலாளிப் பெண்களுக்குக் கொடுக்கப்படுவதாக 2019இல் செய்தி நிறுவனம் ஒன்று, சுமார் நூறு பேரிடம் விசாரித்து எழுதியது. என்ன விழுங்கினோம் என்றே தெரியாதவர் எந்த அறிகுறி எதனால் என்று எப்படிப் பிரிப்பார்? இரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. களைப்பு, தலைசுற்றல் என்று வரும்போது முதல் சந்தேகம் அதன்மேல் போவதே நியாயம். தைராய்டு, நீர்க்கட்டி என்று மக்கள் சொல்லும் பி.சி.ஓ.எஸ். இரண்டும் நாளையே தள்ளிவிடும்.

கோவையின் குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களுக்குப் போகிறவர்களின் பாடு தனி. கரு வைத்தபின் புரோஜெஸ்டிரோன் ஊசியாகவோ உள்ளே வைக்கும் மாத்திரையாகவோ தரப்படுகிறது. அந்த இரண்டு வாரத்தில் தோன்றும் மார்பு வலியும் உப்புசமும் மருந்தாலும் வரும், கர்ப்பத்தாலும் வரும். முட்டை உடைவதற்குப் போட்ட எச்.சி.ஜி. ஊசி பத்து நாளுக்கு மேலும் உடம்பில் தங்கிக் கார்டில் பொய்க்கோடு காட்டலாம். இவர்களுக்கு அறிகுறியும் உதவாது, அவசரக் கார்டும் உதவாது. குறித்த தேதியில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

கருத்தடை ஆபரேஷன் முடித்தவர்கள் இந்தப் பட்டியலில் கடைசியாக வந்தாலும் அலட்சியம் கூடாதவர்கள். ஆபரேஷன் தவறுவது அபூர்வம். தவறினால், அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அந்தக் கர்ப்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் இருந்தது. அப்போது படும் இரத்தம் விலக்கு போலவே தெரியும். நாள் தவறி, ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்றால் கார்டுக்கும் நாடிக்கும் நேரமில்லை. 108ஐ அழைக்க வேண்டும்.

கார்டின் எல்லை

பெர்லினில் அஷ்ஹைமும் சோண்டெக்கும் 1920களின் கடைசியில் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசி போட்டு, எலியை அறுத்துப் பார்த்துக் கர்ப்பத்தை அறிந்தார்கள். பின்னால் ஆப்பிரிக்கத் தவளை வந்தது. முட்டையிட்டால் கர்ப்பம், தவளையும் பிழைக்கும். 1967இல் மார்கரெட் கிரேன் என்ற வடிவமைப்பாளர் நியூஜெர்சி மருந்து நிறுவனமொன்றின் ஆய்வகத்தில் தொங்கிய சோதனைக் குழாய்களைப் பார்த்து, பெண் வீட்டிலேயே செய்யும்படி ஒரு பெட்டியை உருவாக்கினார். அதன் வழித்தோன்றல்தான் இன்று மேட்டுப்பாளையம் சாலை மருந்துக்கடையில் பிரெகா நியூஸ் என்று கேட்டு வாங்கும் கார்டு. அரசுத் திட்டத்தில் நிச்சய் என்ற பெயரில் இலவசமாகவும் உண்டு.

கார்டும் காலத்துக்குக் கட்டுப்பட்டதே. வில்காக்ஸ் குழு 2001இல் கணக்கிட்டபடி, விலக்கு வர வேண்டிய முதல் நாளில் கர்ப்பங்களில் பத்தில் ஒன்று இன்னும் பதிந்தே இராது. எவ்வளவு கூர்மையான சோதனையானாலும் அன்றைக்கு 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்காது. ஒரு வாரம் கழித்தால் 97. ஆக, ஒரு கோடு மட்டும் வந்தால் அது இல்லை என்பதன் முடிவான அடையாளமல்ல. மூன்று நாள் கழித்தோ ஒரு வாரம் கழித்தோ மறுபடி பார்க்க வேண்டும். காலை முதல் சிறுநீர், அட்டையில் சொன்ன நேரத்துக்குள் படிப்பது, காய்ந்தபின் தெரியும் மங்கல் கோட்டை எண்ணாமல் விடுவது ஆகிய மூன்றும் வேண்டும்.

மிக முந்திச் சோதிப்பதற்கும் ஒரு விலை உண்டு. 1988இல் வந்த அதே குழுவின் கட்டுரைப்படி பதிந்த கர்ப்பங்களில் 31 சதவீதம் கலைந்தன. பெரும்பகுதி யாரும் அறியும் முன்பே. முன்பெல்லாம் இரண்டு நாள் தாமதமான விலக்கு என்று கடந்துபோனது, இப்போது இரண்டு கோடு பார்த்தபின் நேரும் இழப்பாகிறது. எதிர்வாதமும் வலுவானது. கருவின் நரம்புக்குழல் மூடுவது கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் முடிகிறது. ஃபோலிக் அமிலம் அதற்கு முன்பே தேவை. வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் அதற்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவு எண் வாங்கி முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்லிச் சுகாதாரச் செவிலியர்கள் வலியுறுத்துவதும் இதன் தொடர்ச்சியே. குழந்தைக்கு முயல்பவர் அறிகுறிக்காகக் காத்திராமல் முயலும்போதே ஃபோலிக் அமிலம் தொடங்கிவிட்டால் இந்தப் பதற்றத்தில் பாதி குறையும்.

தீராதவை

நாள் தள்ளும் முன் அறிகுறியால் பிரித்தறிய இயலாது என்பது, இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், வலுவான நிலைப்பாடு. ஆனால் அது முழுக்க மூடப்பட்ட கதவல்ல. கைவிரல் மோதிரத்தால் இரவுதோறும் உடல் வெப்பத்தை அளந்த 2022ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றில், கருத்தரித்த மாதத்தின் வெப்பம் வழக்கமான அளவைத் தாண்டியது, கார்டு காட்டுவதற்குப் பல நாள் முன்பே. பார்க்கப்பட்டவர்கள் 30 பேர்தான். பின்னோக்கி எடுத்த தரவு. கரு பதியும் முன்பே வெப்பம் ஏறுமானால் எச்.சி.ஜி. வந்தபின்தான் வேறுபாடு என்ற மேற்சொன்ன வாதத்தைத் திருத்த வேண்டிவரும். பெரிய அளவில், முன்னோக்கிச் செய்து பார்க்கும்வரை அதை ஒரு குறிப்பாகவே வைத்துக்கொள்வது பொருத்தம்.

வட கரோலினாப் பெண்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், படித்தவர்கள், திட்டமிட்டுக் கருத்தரித்தவர்கள். இரத்தசோகையும் ஷிப்டு வேலையும் உள்ள ஓர் ஊரின் பெண்களுக்கு 36ஆம் நாள் என்ற எண் எவ்வளவு பொருந்தும் என்பது தனியே பார்க்க வேண்டியது. மாதாமாதம் கடும் உபாதை அனுபவிப்பவருக்கு, கருத்தரித்த மாதத்தில் அது கூடுகிறதா, குறைகிறதா, வேறு முகம் காட்டுகிறதா என்பதும் அப்படியே. சில பெண்கள் தங்கள் உடம்பின் வழக்கத்திலிருந்து சிறு விலகலைக் கண்டுகொள்கிறார்கள் என்ற கூற்றை மொத்தப் பெண்களின் சராசரியால் மறுத்துவிட முடியாது. ஒரே பெண்ணின் பல மாதக் குறிப்பையும் அவர் கருத்தரித்த மாதத்தின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைச் சோதிக்க முடியும். நாள்காட்டியில் விலக்கு நாளைச் சுழிக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதனருகே அன்றன்று மார்பு வலி, தூக்கம், குமட்டல் என்று ஒற்றைச் சொல் எழுதிவந்தால், ஏழெட்டு மாதத்தில் அந்தப் பெண்ணுக்கே ஒப்பிட ஏதேனும் கையில் இருக்கும். மருத்துவரின் கேள்விக்கும் நினைவிலிருந்து பதில் தேட வேண்டியிராது.